ஈயச் சொம்பும் நீல விளக்கும்

சங்கத்தின் பொங்கல் விழாவன்று, கூடத்தின் மூலையில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, சிறு நீல விளக்கொன்றும் கையுமாக நாம் நின்றிருந்ததைக் கண்ட அன்பர்கள் பலர், "என்ன ஐயா, மாயாஜாலம் கற்றுக்கொண்டீரோ?" என்று வினவினர். ஆசிரியரும் அதனைப்பற்றி எழுதித் தருமாறு பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால் ரயில்வேயில் வேலை பெற்று, இந்நாகபுரியில் பார்சல் அலுவலகத்துக் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு, இரசாயன சாஸ்திரம் எழுதும் தகுதி ஏது? ஆயினும் நம் வீட்டில் நிகழ்ந்ததை நாமே எழுதுவதுதான் முறை. எழுதுகிறோம்.

நம் வீட்டில் ஓர் ஈயச் சொம்பு உண்டு. நம் அன்னையாரின் திருமணத்தின்போது கும்பகோணத்துப் பாத்திரக் கடையொன்றில் சீராக வாங்கியது. தந்தையாரின் மாற்றல்களோடு அதுவும் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தது. பிலாஸ்பூரில் சில ஆண்டுகள், கோந்தியாவில் சில ஆண்டுகள், பின்னர் நாகபுரி. பெட்டி படுக்கைகளை லாரியில் ஏற்றினாலும் அச்சொம்பை மட்டும் அன்னையார் துணியில் சுற்றித் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். புளிக்கரைசலை ஊற்றிய பிறகே அதனை அடுப்பிலேற்ற வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வெள்ளீயம் 232 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடும். வெறுஞ்சொம்பை நெருப்பில் வைத்தால் அது அடுப்பிலேயே வழிந்துவிடும். அவ்விதிக்கு நம் இல்லாளும் கட்டுப்பட்டே வந்தாள். அச்சொம்பில் நுரைகட்டி வரும் ரசத்தின் மணத்தை எழுதிக் காட்ட நமக்கு வல்லமையில்லை. தமிழ் அடுப்படியில் வளர்ந்த அன்பர்களுக்கு எழுதிக்காட்டத் தேவையுமில்லை.

நம் மூத்த மகளுக்கு எட்டு வயது. 2024 ஆம் ஆண்டு மழைக்காலத்திலிருந்து அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், முகம் வெளிறிப்போயிற்று. வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்புவித்தவள் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்று விழிக்கலானாள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச் சத்து மருந்து கொடுத்தோம். படிக்காமலிருக்க நடிக்கிறாள் என்று எண்ணி ஒருநாள் கையையும் ஓங்கினோம். அதனை இப்பொழுது நினைத்தால் அந்தக் கை கூசுகிறது. இறுதியில் வயது முதிர்ந்த பெண் மருத்துவர் ஒருவர், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து வந்த தாளில் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் என்றிருந்தது.

பதினொன்று என்பது பெரிதா சிறிதா என்று நமக்கு விளங்கவில்லை. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் நெறி வகுத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். "இதற்கு என்ன மருந்து அம்மா?" என்று கேட்டோம். "45ஐ எட்டினால்தான் ஈயத்தை வெளியேற்றும் மருந்து. உங்கள் குழந்தைக்கு மருந்து, அது வரும் வழியை அடைப்பதுதான்" என்றார். காரீயம் உடலுக்குள் கால்சியத்தின் வேடம் பூண்டு திரிவதாம். கால்சியம் புகவேண்டிய எலும்பில் புகுந்து பல்லாண்டு தங்கும். மூளையில் அது செய்யவேண்டிய வேலையைக் கெடுக்கும். பெரியவர் உண்ணும் உணவிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒரு பங்கே உடலில் ஏறுமென்றால், சிறு குழந்தைக்கு ஏறத்தாழப் பாதி ஏறிவிடும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். யூனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயமுள்ள குழந்தைகள் உலகில் 80 கோடி; அவர்களுள் நம் நாட்டினர் 27 கோடிக்கு மேல். இத்தனை பேரில் நம் மகளும் ஒருத்தி என்பது எவ்வகையிலும் ஆறுதலாக இல்லை.

வழியை அடைக்க வேண்டும், எந்த வழி? பெட்ரோலில் ஈயம் கலப்பது நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. குடியிருப்பின் கதவுகளில் உரிந்து தொங்கும் பழைய பெயிண்டின்மேல் நமக்குச் சந்தேகம் விழுந்தது. அதைவிடத் தண்ணீரின்மேல் விழுந்தது. இந்திய தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அஃதாவது ஒரு லட்சம் லிட்டரில் ஒரு கிராம். நம் இலாகாக்காரருக்கு விளங்கும்படி சொன்னால், எண்ணெய் ஏற்றிவரும் டேங்க் வாகன் ஒன்றில் ஏறத்தாழ 70,000 லிட்டர் கொள்ளும். அத்தகைய வாகன் ஒன்றரையில் ஒரு கிராம். இதனைக் கண்ணாலோ நாக்காலோ எவர் அறியக்கூடும்?

இவ்விடத்தில் நம் அசட்டுத்தனம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் புற ஊதாக் கதிர் வீசும் விளக்கொன்றை நாம் வைத்திருக்கிறோம். நல்ல நோட்டில் எண் அச்சிட்ட இடமும் சிறு நூலிழைகளும் அவ்வொளியில் பளிச்சிடும். 'மறைந்திருப்பதைக் காட்டும் விளக்கு' என்றெண்ணி, ஓர் இரவு அதனை ஏந்திச் சமையலறைக்குள் புகுந்தோம். மஞ்சள் தூள் டப்பாவில் மஞ்சளும் பச்சையுமாக ஓர் ஒளி தெரிந்தது. மஞ்சளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட்டு கலக்கும் அக்கிரமம் உண்டென்று படித்திருந்தோம். "அகப்பட்டான் திருடன்!" என்று கூவி, டப்பாவோடு குப்பையில் கொட்டினோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. சொந்த ஊரிலிருந்து அவருடைய தமக்கையார் இடித்து அனுப்பிய மஞ்சள் அது.

மறுநாள், நம் சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வர், இங்கே கல்லூரியொன்றில் இரசாயன ஆராய்ச்சி செய்பவர், இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அண்ணா, சுத்தமான மஞ்சளும் அந்த விளக்கில் ஒளிரும். அதிலுள்ள குர்குமின் என்ற பொருளின் இயல்பு அது. சலவைத் தூளில் துவைத்த உங்கள் சட்டையும் ஒளிரும். ஒளிர்வதெல்லாம் ஈயமன்று, ஈயம் தானாக ஒளிர்வதுமில்லை" என்றார். பிறகு ஒரு கடையில் டானிக் வாட்டர் வாங்கிவந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இருட்டில் நம் விளக்கைப் பிடித்தார். ஆகாய நீலத்தில் குவளை ஒளிர்ந்தது. அது கொயினாவின் ஒளி. ஆம், மலேரியாக் காய்ச்சலுக்கு நம் பாட்டனார் காலத்தில் விழுங்கிய அதே கசப்பு மருந்துதான். 1852இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் இவ்வொளியை ஆராய்ந்தே இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டாராம். கண்ணுக்குத் தெரியாத கதிரை விழுங்கி, தெரியும் ஒளியாக உமிழ்வதே இதன் சூட்சுமம். அடுத்து, அக்குவளையில் ஒரு பெரிய கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினார். நீலம் மங்கி ஏறத்தாழ மறைந்தே போயிற்று. "உப்பிலுள்ள குளோரைடு அயனி விளக்கை அணைத்துவிட்டது. நீரில் கரைந்த ஒன்று ஒரு விளக்கை அணைக்குமானால், இன்னொன்று ஏற்றவும் செய்யும். எங்கள் வேலை அதுதான்" என்றார்.

ஒரு ஞாயிறன்று அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். அங்கே கண்டவற்றை நமக்கு விளங்கிய மட்டும் சொல்லுகிறோம். பிழையிருந்தால் கற்றோர் பொறுப்பாராக. உலோக அயனிகளைத் தேடிப் பிடித்து ஒளியால் அறிவிக்கும்படி செய்யப்பட்ட மூலக்கூறுகள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு மூன்று உறுப்புக்கள். ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் உலோகம் வந்து அமரும் கூடு. இடையில் ஒரு சிறு பாலம். கூடு காலியாயிருக்கையில் அங்குள்ள எலெக்ட்ரான் ஒன்று பாலத்தைத் தாண்டிவந்து, சாயம் ஒளிர முனையும்போதெல்லாம் அதனை அணைத்துவிடும். உலோக அயனி கூட்டில் அமர்ந்ததும் அந்த எலெக்ட்ரானை அது பிடித்துவைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். ஒற்றைப் பாதையில் டோக்கன் கருவியைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கிற்று. அதற்குரிய பந்து உள்ளே விழுந்தாலொழியக் கைப்பிடி திரும்பாது. வேறு பந்து விழுந்தால் பயனில்லை. இவ்வகையை வகுத்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பிரசன்ன டி சில்வா. அவர் வகுத்த முறையில் அமைந்த கருவிகள் மருத்துவமனைகளில் இரத்தத்துச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றை அளக்கின்றன.

இதற்கும் முன்னோடிகள் உண்டு. 1867இலேயே கொப்பெல்ஸ்ரோடர் என்பவர், மரச்சாயத்திலிருந்து கிடைக்கும் மோரின் என்ற பொருள் அலுமினியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிர்வதைக் கண்டார். ரோஜர் சியென் என்பவர் 1980களில் உயிருள்ள அணுவுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் காட்டும் சாயங்களைப் படைத்தார். வேறொரு ஒளிர்பொருளுக்காக அவருக்கு 2008இல் நோபெல் பரிசும் கிடைத்தது. நாம் வாய்பிளந்து நின்றது ரோடமின் சோதனையின் முன்புதான். 2024இல் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்ததே, அதற்குக் காரணமான அதே சாயத்தின் குடும்பம் இது. அதில் ஒரு வளையத்தை மூடிவைத்தால் நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. பச்சைத் தண்ணீர் போலிருந்த அதில் செம்பின் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விழுந்தது. வளையம் திறந்து, கண்ணெதிரே ரோஜா நிறம் பரவிற்று.

"ஈயத்திற்கு?" என்று கேட்டோம். அந்த இளைஞர் சற்றே முகம் சுளித்தார். ஈயம், பாதரசம் போன்ற கனத்த அயனிகள் பெரும்பாலும் விளக்கை ஏற்றுவதில்லை, அணைத்தே விடுகின்றன. அணையும் விளக்கை நம்பக்கூடாது என்றார். ஏனென்றால் அணைவதற்கு ஆயிரம் காரணம். ஆயினும் வழி கண்டவர்கள் உளர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யி லூ என்பவரும் அவருடைய மாணவரும் டி.என்.ஏ. இழையைக் கொண்டு ஒன்று செய்தனர். ஓர் இழையின் நுனியில் விளக்கு. அதன் அருகே இன்னோர் இழையில் அவ்விளக்கை மூடும் மூடி. ஈய அயனி வந்ததும் இழையொன்று தானே கத்தரிபோல் வெட்டும். விளக்கு மூடியை விட்டு விலகி ஒளிரும். 2006இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் கிறிஸ்டபர் சாங்கின் கூட்டத்தார், உயிரணுவுக்குள் இருக்கும் ஈயத்தையே ஒளிர்ந்து காட்டும் சாயம் செய்தனர்.

நம் இலாகாவில் ஒரு விதியுண்டு. இரவில் கைகாட்டி விளக்கு அணைந்திருந்தால், அதனை ஆபத்துக் குறியாகவே கொண்டு டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். இந்த இரசாயன விளக்குகளிலோ நிலைமை தலைகீழ். விளக்கு எரியவில்லையென்றால் ஈயமில்லை என்று நாம் மகிழ்ந்துவிடுவோம். மருந்து கெட்டுப்போயிருந்தாலும் எரியாதல்லவா? இதனை அந்த இளைஞரிடம் சொன்னபோது அவர் நம்மை மதிப்போடு பார்த்தார் என்றே நினைக்கிறோம். "அதனால்தான் அண்ணா, ஈயம் இருக்கிறதென்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும். அத்தகைய பொருள் ஏதாவது கிடைக்குமா?" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. வாகன் கதவுகளுக்கு இடும் பழைய ஈய முத்திரை வில்லைகள் நம் மேசை அறையில் கிடந்தன.

அவர் கொண்டுவந்தது கூடும் பாலமும் உள்ள மருந்தன்று. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஆமோல்ஃப் ஆராய்ச்சி நிலையத்தார் 2023இல் வெளியிட்ட முறை அது. மெதில் அமோனியம் புரோமைடு என்ற உப்பைச் சாராய வகையொன்றில் கரைத்துச் சந்தேகத்துக்குரிய பொருளின்மேல் தெளிப்பது. ஈயமிருந்தால் அதனோடு கூடிப் பெராவ்ஸ்கைட் என்னும் நுண்ணிய பளிங்காகி, புற ஊதாக் கதிரில் பச்சையாக ஒளிரும். இங்கே விளக்கு என்று தனியாக ஒன்றில்லை. ஈயமே விளக்கின் உறுப்பாகிவிடுகிறது. ஆதலால்தான் வேறு உலோகம் அவ்வாறு பச்சை காட்டி ஏமாற்றுவது அரிது.

அன்றிரவு குழந்தைகளை உறங்கச் செய்துவிட்டுச் சமையலறை விளக்கை அணைத்தோம். இளைஞர் கையுறை அணிந்துகொண்டார். முதலில் முத்திரை வில்லை; தெளித்ததும் புல்லின் இளந்தளிர் போன்ற பச்சை ஒளி குபீரென்று எழுந்தது. மருந்து நல்ல மருந்தே. பிறகு எவர்சில்வர் கரண்டி, இருட்டு. கதவின் பெயிண்டு, நாம் ஆறு மாதம் சபித்த அந்தப் பெயிண்டு இருட்டாகவே நின்றது. மஞ்சள் அரைக்கும் அம்மி, குழாய் வாய், குழந்தையின் வர்ணப் பென்சில், எல்லாம் இருட்டு. நமக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. அலமாரியை மூடப் போகையில், இளைஞர்தாம், "அண்ணா, அது என்ன பாத்திரம்?" என்று கேட்டார்.

பச்சை என்றால் வழி திறந்தது, போகலாம் என்பது இத்தனை நாளும் நாம் அறிந்த மொழி. சொம்பின் உட்புறம் கழுத்திலிருந்து அடிவரை பச்சையாக ஒளிர்ந்ததைக் கண்டபோது, கால்கள் தரையில் நிற்கவில்லை. நாம் ஒன்றும் பேசவில்லை. வாயிற்படியில் அன்னையார் எப்பொழுது வந்து நின்றார் என்பதையும் கவனிக்கவில்லை.

"அழகாகத்தான் இருக்கிறது. என்ன தம்பி அது?" என்றார்.

சொன்னோம். அவர் முதலில் நம்பவில்லை. "உன் தாத்தா எண்பத்தெட்டு வயது இருந்தார். ஈயச் சொம்பு ரசம் இல்லாமல் ஒருநாள் சோறு உண்டதில்லை. அது வெள்ளீயமப்பா; கடைக்காரர் கையிலடித்துச் சொன்னார்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. சொம்பு வெள்ளீயத்தில் செய்வதே, வெள்ளீயத்தால் தீங்கில்லை. காரீயம் வெள்ளீயத்தைவிட மலிவு. கலந்தால் வார்ப்பதும் எளிது. கையிலடித்துச் சொன்னவருக்கே கலப்பு தெரிந்திருந்ததோ, உலையிலிருந்தே வந்ததோ, அதனை இனி எவரிடம் கேட்பது? நம் மொழியும் இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவைத்திருக்கிறது. வெள்ளையென்றும் கருமையென்றும் அடைமொழி கொடுத்தார்கள், சந்தையில் அடைமொழியை யார் கேட்கிறார்கள்? தாத்தாவின் சொம்பு வேறு, இது வேறு. அன்றியும் தாத்தா எட்டு வயதில் எத்தனை வாய்ப்பாடு மறந்தார் என்று கணக்கு வைத்தவர் யார்?

இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருக்கையில், அன்னையார் சுவரோடு சரிந்து அமர்ந்துவிட்டார். "பல் முளைக்கும் முன்னே அந்த ரசத்தில் சோற்றைக் கரைத்து ஊட்டியவள் நான்தானே" என்றார். நம் இல்லாள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, "அத்தை, நாங்களும்தான் அதில் வைத்தோம், நாங்களும்தான் குடித்தோம்" என்று அழுதாள். அந்த இளைஞர் என்ன செய்வதென்று அறியாது, கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றிருந்தார்.

ஒளிர்ந்தது என்பதால் ரசத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லிவிட முடியாது என்று அவரே பிறகு விளக்கினார். மேற்பரப்பில் ஈயம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ரசத்தையே சோதிக்கலாமென்றால் மஞ்சளின் ஒளி குறுக்கே வந்து கெடுக்கும். ஆதலால் வெறும் புளிக்கரைசலைச் சொம்பில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிவை இறுத்து, கல்லூரியிலிருந்த பெரிய கருவியில் அளந்தார். குடிநீருக்கு வகுத்த அளவுக்குப் பன்மடங்கு இருந்தது. அந்த எண்ணை நம் வீட்டில் எவரும் உரக்கச் சொல்வதில்லை.

இப்பொழுது ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கிறோம். மருத்துவர் சொற்படி இரும்பும் கால்சியமும் நிறைந்த உணவு கொடுத்தோம்; முருங்கைக் கீரை, கேழ்வரகு, பால். மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் 7 என்று வந்தது, அடுத்ததில் 5. எலும்பில் தங்கியது மெல்ல மெல்லவே வெளிவருமாம். ஏழாம் வாய்ப்பாடு திரும்பிவந்துவிட்டது. பன்னிரண்டாவது இன்னும் தகராறு செய்கிறது, ஆனால் அது நமக்கும் அந்த வயதில் தகராறுதான்.

சொம்பை என்ன செய்வது என்பதில் வீட்டில் பெரும் விவாதம் நடந்தது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டால் அவர் உருக்கி, மீண்டும் எவர் வீட்டுக்கோ சொம்பாகவோ, கலாய் பூசும் ஈயமாகவோ அனுப்பிவிடுவார். தூக்கியெறியவும் அன்னையாருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் மாலை நாம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அவர் ஆணியும் சுத்தியலுமாக அமர்ந்து, சொம்பின் அடியில் மூன்று துளைகள் இட்டு முடித்திருந்தார். இனி எவரும் அதில் சமைக்க முடியாது. பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பரண்மேல் வைத்தோம்.

பொங்கலன்று விளக்கோடு நாம் நின்றது அவர் சொல்லித்தான். தம் தோழிமார் அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லி, பதினொரு சொம்புகளைக் கொண்டுவரச் செய்திருந்தார். இளைஞர் மருந்து தெளிக்க, நாம் விளக்குப் பிடித்தோம். முதலில் நம் முத்திரை வில்லையை ஒளிரச் செய்து காட்டிய பிறகே ஒவ்வொரு சொம்பையும் எடுத்தோம். ஏழு சொம்புகள் இருண்டே இருந்தன, நான்கு ஒளிர்ந்தன. நான்கில் ஒன்று புத்தம் புதிது. அதற்குரிய அம்மையார் நம்மிடம் கோபித்துக்கொண்டு பொங்கல் உண்ணாமலே போய்விட்டார். அன்னையார் மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று, நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பினார். என்ன பேசினாரென்று சொல்லவில்லை. ஆணியையும் சுத்தியலையும் கொண்டுபோயிருந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

ரசத்தில் அந்தப் பழைய மணம் இல்லையென்று அவர் இன்றைக்கும் குறைப்படுகிறார். இல்லைதான்.